முதாலஆவும் மௌன வாசிப்பும்

ஓதுவது என்றால் திருக்குர்ஆன். படிப்பது என்றால் பள்ளிப் பாடம். இவ்விரண்டுக்கும் அப்பால் ஒரு பிள்ளை தானே ஒரு நூலை எடுத்து வைத்துக்கொண்டு அமர்ந்திருந்தால், அதற்கு நம் வீடுகளில் பெயரில்லை. 'சும்மா இருக்கிறான்' என்று சொல்லி ஏதேனும் வேலை ஏவிவிடுவோம். அந்தச் சும்மா இருத்தலைப் பற்றியே சில சொல்ல விழைகிறேன்.

நான் அரபுக் கல்லூரியில் ஓதிய காலத்தில் முதாலஆ என்றொரு வழக்கம் இருந்தது, இன்றும் இருக்கிறது. மறுநாள் உஸ்தாது நடத்தவிருக்கும் பாடத்தை, இஷாத் தொழுகைக்குப் பின் மாணவர் தாமே பார்த்து வைக்க வேண்டும். கிதாபுகளிலோ ஸபர், ஸேர், பேஷ் என்னும் குறிகள் இரா. காஃப், தே, பே என மூன்று எழுத்துக்கள் மட்டும் நிற்கும். 'கதப' என்றால் எழுதினான். 'குதிப' என்றால் எழுதப்பட்டது. 'குதுப்' என்றால் நூல்கள். எது பொருந்தும் என்று முன்பின் நோக்கித் தேர்ந்தாலன்றி வாய் திறக்க இயலாது. அரபியில் பொருள் தெரிந்தால்தான் வாசிக்க முடியும். தமிழிலோ பொருள் தெரியாமலே கணீரென்று வாசித்துவிடலாம்! நம் தாய்மொழியின் எழுத்து அத்துணை நேர்மையானது. ஆசிரியரை ஏமாற்றவும் அத்துணை வசதியானது.

இதனை ஒன்பதாம் வகுப்பில் கண்கூடாகக் கண்டேன். ஒரு மாணவன் பத்தியைத் தடங்கலின்றிப் படித்தான். "என்ன சொல்லியிருக்கிறது?" என்று கேட்டால் அதே பத்தியையே மீண்டும் படிக்கிறான். ஆகவே வாரத்தில் மூன்று நாள், பாடவேளையின் கடைசி இருபது நிமிடம், அவரவர் விரும்பிய நூலை அவரவரே குரலெழுப்பாமல் வாசிப்பது என்று வைத்தேன். அலமாரிச் சாவி மாணவர் கையில். கேள்வி இல்லை, மதிப்பெண் இல்லை. அவ்வேளையில் நானும் வாசிப்பேன், தாள் திருத்துவதில்லை. தமிழக அரசு 2023இல் தொடங்கிய வாசிப்பு இயக்கம் சிறு நூல்களை நுழை, நட, ஓடு, பற எனப் படிநிலை வகுத்து அளித்தது. எழுத்துக் கூட்டுவோருக்கு அவை பெருந்துணை. ஒன்பதாம் வகுப்பினன் 'நுழை' நூலை எடுத்தால் எவரும் நகைக்கலாகாது என்பது மட்டுமே என் கட்டளை.

இடலாக்குடி தந்த செய்குத்தம்பிப் பாவலரை (1874–1950) நாம் அறிவோம். திருவிதாங்கூர் ஆட்சியில் பள்ளியில் மலையாளம் பயின்றவர், தமிழைக் கோட்டாற்றுச் சங்கரநாராயண அண்ணாவியிடம் கற்றார். 1907இல் சென்னை விக்டோரியா மண்டபத்தில் அவர் நிகழ்த்திய சதாவதானத்தை நம் மேடைகள் இன்றும் புகழ்கின்றன. சீறாப்புராணத்துக்கு அவர் உரை கண்டதைச் சொல்வோர் சிலரே. உரை காண நினைவாற்றல் மட்டும் போதுமா?

ஒருநாள் ஒரு மாணவனின் வாப்பா வந்தார். ரப்பர் பால்வெட்டும் தொழிலாளி. "உஸ்தாதே, புள்ள ராவெல்லாம் கதைப் பொஸ்தவத்த வச்சுக்கிட்டு இருக்கான். பரீச்சையில இதுல இருந்தா கேப்பாவ?" என்றார். அவர் கேட்டதில் தவறில்லை. விடியுமுன் மேட்டுக்குப் போகிறவர், தம் மகன் போகக் கூடாதென்று நினைக்கிறார். இதிலிருந்து கேட்க மாட்டார்கள் என்றே சொன்னேன். கேட்கும் கேள்வியை விளங்கிக்கொள்ள இது உதவும் என்றும் சொன்னேன். அரைமனத்துடன் போனார்.

அவன் வைத்திருந்தது, தேங்காய்ப்பட்டணம் தோப்பில் முஹம்மது மீரான் எழுதி 1988இல் நூலான 'ஒரு கடலோர கிராமத்தின் கதை'. மறுவாரம் அவனாகவே வந்து, "ஸ்கூல் வரப்பிடாதுன்னு நின்ன முதலாளி நெசமாவே இருந்தாவளா, உஸ்தாதே?" என்று கேட்டான். நான் கேளாமல் அவன் கேட்ட முதற்கேள்வி அது. விடையை நான் கூறவில்லை. வீட்டில் மூத்தவர்களிடம் விசாரித்து வரச் சொன்னேன். அவன் உம்மும்மாவிடம் அப்படி மூன்று முதலாளிமார் கதை இருந்ததாம்.

வகுப்பில் இன்னும் நால்வர் ஏடு புரட்டுகிறார்களேயன்றி வாசிப்பதில்லை. அவர்களில் ஒருவனுக்குக் கால்பந்தில் ஆசை. அதைப் பற்றி எளிய தமிழில் ஒரு நூல் தேடிக்கொண்டிருக்கிறேன்.