ஓலை வெட்ட ஆள் வேண்டும்

யாழ்ப்பாணத்துக்கு விடுமுறைக்கு வருகிறவர்கள் பெரும்பாலும் திரும்புகிற நாளில்தான் சந்தைப் பக்கம் போகிறார்கள். நல்லூர், கோட்டை, நயினாதீவு எல்லாம் பார்த்து முடித்து, ரயிலுக்குக் கொஞ்ச நேரமே இருக்கும்போது வறுத்த மிளகாய்த்தூள், பருத்தித்துறை வடை, நெல்லிக் கிரஷ், பனங்கட்டிக் குட்டான் என்று பை நிரம்புகிறது. கடைசியாக, வாசலில் தொங்குகிற ஓலைச் சாமான்களில் கைக்கு அகப்பட்டது ஒன்று. அதற்குத்தான் விலை பேசுவார்கள். மிளகாய்த்தூளுக்குச் சொன்ன விலையைக் கொடுத்தவர்கள் ஓலைப்பெட்டியை எடுத்ததும் பாதி விலைக்குக் கேட்பதை நவீன சந்தையில் நின்று பார்த்தேன். அந்தப் பெட்டியைப் பின்னியவரைப் பார்க்க வேண்டும் என்று தோன்றியது. கடைக்காரர் வடமராட்சியில் ஓர் ஒழுங்கைக்கு வழி சொன்னார்.

அங்கே பெட்டி பின்னுகிற அக்கா விறாந்தையில் காலை நீட்டி உட்கார்ந்து, புட்டு அவிக்கிற கூம்பு வடிவ நீத்துப்பெட்டி பின்னிக்கொண்டிருந்தார். வார்ந்த ஓலை ஈரத்துணிக்குள் சுற்றியிருந்தது. காய்ந்த ஓலையை அப்படியே மடித்தால் வெடித்துவிடும். ஒவ்வொரு கீற்றாக உருவி, பெருவிரலால் ஒருமுறை நீவி, குறுக்காகச் செருகுகிறார். கூம்பின் நுனியில்தான் வேலை எல்லாம். அங்கே நெருக்கிப் பின்னினால் ஆவி ஏறாது, புட்டு அவியாது. தளர விட்டால் மா பானைத் தண்ணீருக்குள் கொட்டும். நுனி முடிந்ததும் பெட்டியைத் தூக்கி வெளிச்சத்துக்கு நேரே பிடித்து உள்ளே பார்த்தார். ஓர் இடத்தில் வெளிச்சம் கூடுதலாகத் தெரிந்திருக்க வேண்டும். இரண்டு கீற்றைக் கழற்றி மறுபடி இறுக்கினார்.

"அளவு பார்க்கிறதில்லையோ அக்கா?"

"கண் அளவுதான் பிள்ளை. பானை வாயிலை இருக்கவேணும், உள்ளுக்கை விழக்கூடாது. அவ்வளவுதான் கணக்கு."

பின்னுவதைப் பார்த்துவிட்டு அதுதான் முழு வேலை என்று நினைத்தால் தவறு. குருத்து முற்றி விரிவதற்கு முன்பே, இளசாக இருக்கும் சார்வோலையை வெட்ட வேண்டும். அதை விரித்துக் காயவிட வேண்டும். அந்த நேரம் மழை பட்டால் கறுத்துப்போகும். பிறகு ஈர்க்கை நீக்கி, ஒரே அகலத்தில் வார வேண்டும். நிறம் ஏற்ற வேண்டுமென்றால் சாயம் கொதிக்கும் தண்ணீரில் போட்டெடுத்து மீண்டும் காயவைக்க வேண்டும். கடகம் என்றால் மட்டையிலிருந்து நார் உரித்து விளிம்பைப் பொத்துகிற வேலையும் சேரும். விலை பேசுகிறவர் கண்ணில் இந்த வேலை எதுவும் படுவதில்லை.

"பின்னுறதுக்கு நாங்கள் இருக்கிறம். ஏறி வெட்டித் தாறதுக்குத்தான் ஆள் இல்லை" என்றார் அக்கா. அவருக்கு ஓலை வெட்டிக் கொடுப்பவருக்கு வயதாகிவிட்டது. அவருடைய மகன்கள் மரம் ஏறுவதில்லை.

இதைக் கேட்டு "அந்தக்காலம் போச்சு" என்று பெருமூச்சு விட எனக்கு மனமில்லை. மரம் ஏறுகிறவரைச் சாதியின் பெயரால் முற்றத்துக்கு வெளியே நிறுத்திவைத்த மண் இது. அவர் இறக்கிய கள்ளையும் கருப்பநீரையும் குடித்தவர்கள் அவர் பிள்ளையை மதிக்கவில்லை. அந்தப் பிள்ளைகள் தொழிலை விட்டுப் போனதைக் குறை சொல்ல நமக்கு எந்த உரிமையும் கிடையாது. அவர்கள் திரும்பி வர வேண்டுமென்றால் நல்ல கூலியும் பாதுகாப்பும் மரியாதையும் வேண்டும். பனை மரங்களுக்கும் போர் பெரிய இழப்பைத் தந்தது. பதுங்குகுழிகளுக்காக வெட்டப்பட்டவை போக, ஷெல்லடியில் தலை போன மொட்டைப் பனைகள் பல வருடம் வெளிகளில் நின்றன.

பனங்கட்டி போன்ற தீன்பண்டங்களும் அதே பனையிலிருந்து வருகிறவைதான். முட்டிக்குள் சுண்ணாம்பு தடவிக் கட்டினால் பாளைச் சாறு புளிக்காமல் கருப்பநீராக இறங்கும், தடவாவிட்டால் கள். கருப்பநீரைக் காய்ச்சிக் குட்டான்களில் வார்த்தால் பனங்கட்டி. சீனி கலந்து காய்ச்சியதும் சந்தையில் உண்டு, ஆகவே கேட்டு வாங்குங்கள். பனம்பழக் களியைப் பாயில் பரவி வெயிலில் காயவைத்தால் பனாட்டு. விதையைப் பாத்தியில் புதைத்துக் கிழங்கு எடுத்து, பச்சையாகப் பிளந்து காயவைத்தது ஒடியல், அவித்துக் காயவைத்தது புழுக்கொடியல். ஒடியல்மாவை வாங்கிப் போகிறவர்கள் ஒன்றை மறக்கக்கூடாது: கூழுக்குப் போடுமுன் தண்ணீரில் ஊறவிட்டு அந்தத் தண்ணீரை வடித்து ஊற்ற வேண்டும். அப்போதுதான் கயர்ப்புப் போகும். பாக்கெட்டில் இதை எழுதுகிறவர்கள் குறைவு. புழுக்கொடியலுக்கு இந்தத் தொல்லை இல்லை, தேங்காய்ச் சொட்டோடு அப்படியே கடிக்கலாம்.

அரசு 1978இல் பனை அபிவிருத்திச் சபையை அமைத்தது. அதன் கற்பகம் விற்பனை நிலையங்களில் இவை எல்லாம் கிடைக்கும். அங்கேயும் மற்றக் கடைகளிலும் இப்போது சாயமிட்ட பூக்கள், தொப்பிகள், சுவரில் மாட்டும் அலங்காரங்கள் நிறைய. அவையும் யாரோ ஒரு பெண்ணின் வருமானம், வாங்க வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். ஆனால் என் விருப்பம் நீத்துப்பெட்டியும் கடகமும் சுளகும்தான். அலங்காரம் ஒருமுறை வாங்கினால் சுவரில் தூசி பிடித்துக் கிடக்கும். புட்டு அவிக்கிற பெட்டி தேயும், விளிம்பு விடும், இன்னொன்று தேவைப்படும். அந்த இன்னொன்றில்தான் அக்காவின் அடுத்த மாதம் இருக்கிறது. அலுமினியப் பாத்திரத்தில் அவித்த புட்டுக்கு ஓலை வாசம் வராது என்பதையும் சொல்ல வேண்டும். கனடாவில் இருக்கும் உறவினர்கள் ஊருக்குப் போகிறவர்களிடம் நீத்துப்பெட்டி கேட்டு அனுப்புவது அந்த வாசத்துக்காகத்தான்.

ஆகவே திரும்புகிற நாளில் சந்தைக்குப் போகாதீர்கள், முதல் நாளே போங்கள். எந்த ஊரில் பின்னியது என்று கேளுங்கள்; முடிந்தால் அந்த ஊருக்கே போய் வாங்குங்கள். சொன்ன விலையைக் கொடுங்கள், அதில் மரம் ஏறுகிறவரின் கூலியும் இருக்கிறது. வீட்டுக்குக் கொண்டுபோன பெட்டியைக் கழுவி, மா போடாமல் ஒருமுறை ஆவியில் வைத்தெடுத்து, வெயிலில் நன்றாக உலர்த்திய பிறகு பாவியுங்கள். ஈரத்தோடு மூடிவைத்தால் பூஞ்சணம் பிடித்துவிடும்.