கவிழ்த்துப் பார்க்கணும்

நவம்பர் 4, 2023, சனி. லெஸ்டர்.

பக்கத்து வீட்டம்மாவின் பரணிலிருந்து சூட்கேஸை இறக்கியபோது கை கழன்றுவிடும் போலிருந்தது. போன வருஷம் இறந்துபோன அவர் கணவர் சிறுவயதில் விளையாடிய ரயில்கள். பிரிஸ்டலில் இருக்கும் பேரனுக்குக் கொடுக்க வேண்டுமாம். “எது எந்தக் கம்பெனி, எந்தக் காலத்தது, அவனுடைய புதுத் தண்டவாளத்தில் எது ஓடும்? ஒரு சீட்டு எழுதித் தருவீர்களா?” என்று கேட்டார். தருகிறேன் என்றேன். இந்த வேலை என்றால் எனக்குச் சோறு வேண்டாம்.

மூன்று எஞ்சின், ஒன்பது பெட்டிகளும் வேகன்களும், தகரத்தில் செய்த தண்டவாளம் ஒரு வட்டத்துக்கு. எல்லாவற்றையும் சாப்பாட்டு மேசையில் பழைய வேட்டியை விரித்து அடுக்கியாயிற்று.

நவம்பர் 5, ஞாயிறு

முதலில் சின்ன டாங்க் எஞ்சின். கறுப்பு நிறம், எண் 69567. உள்ளங்கையில் வைத்ததுமே கனத்தது. துத்தநாகக் கலவையான மசாக்கை அச்சில் ஊற்றி வார்த்த உடம்பு. ஹார்ன்பி டப்ளோ. லிவர்பூல் பின்ஸ் ரோட்டில் மெக்கானோ கம்பெனி 1938-இல் தொடங்கிய வரிசை. ஓர் அடிக்கு நாலு மில்லிமீட்டர் கணக்கு, தண்டவாள அகலம் 16.5 மி.மீ.

அப்பா பொன்மலை ஒர்க்‌ஷாப்பில் ஃபிட்டராக இருந்தவர். “நம்பரை பெயிண்டர் எழுதுவான். எஞ்சின் எங்கே பிறந்ததுன்னு தகடுதான் சொல்லும்; கவிழ்க்க முடிஞ்சா கவிழ்த்துப் பார்க்கணும்” என்பார். நிஜ எஞ்சினை அவரால் கவிழ்க்க முடியாது. என்னால் முடியும்.

கவிழ்த்தேன். சக்கரங்களுக்கு நடுவே கரண்டி போல இரண்டு செப்புத் தகடுகள், நடுத் தண்டவாளத்திலிருந்து மின்சாரம் எடுக்க. மல்டிமீட்டரின் ஒரு முனையை இடது சக்கரத்திலும் மறுமுனையை வலது சக்கரத்திலும் வைத்தேன். கீச்சென்றது. இரு பக்கமும் ஒன்றோடொன்று இணைந்திருக்கிறது. மூன்று தண்டவாள எஞ்சின். பேரனின் இரண்டு தண்டவாளத்தில் வைத்தால் அந்த நிமிஷமே ஷார்ட் ஆகும். சீட்டில் இதைச் சிவப்பு மையில் எழுதினேன்.

எண்ணும் சும்மா இல்லை. 1948-இல் நாலு பெரிய ரயில் கம்பெனிகளை அரசு ஒன்றாக்கியபோது, கிழக்குக் கம்பெனி எஞ்சின்களின் எண்ணோடு 60000-ஐக் கூட்டினார்கள். எல்.எம்.எஸ். எஞ்சின்களுக்கு 40000, தெற்குக் கம்பெனிக்கு 30000. மேற்குக் கம்பெனி எண்கள் மட்டும் அப்படியே நின்றன. ஆகவே 69567 என்றால் கிழக்கு, அதுவும் 1948-க்குப் பிறகு பூசிய எண். ஆனால் இதே அச்சில் வார்த்த உடம்புக்கு மெக்கானோ நாலு கம்பெனிகளின் வண்ணமும் அடித்து விற்றது. லண்டன் கிங்ஸ் கிராஸிலிருந்து புறநகர் வண்டிகளை இழுத்த கிழக்குக் கம்பெனியின் என்2 எஞ்சின்தான் மூலம். மற்ற மூன்று கம்பெனிகளிடமும் அப்படி ஒரு எஞ்சினே கிடையாது. எழுத்தை மட்டும் நம்பினால் எங்கே போய் நிற்போம் என்பதற்கு இதைவிட நல்ல சான்று எனக்குத் தெரியவில்லை.

நவம்பர் 8, புதன்

சீட்டில் முன்பு எழுதியதில் ஒரு வரியை அடிக்க வேண்டியதாயிற்று. இரண்டாவது எஞ்சின் ஹார்ன்பி அட்டைப் பெட்டியில் இருந்தது. நானும் ‘ஹார்ன்பி’ என்றே குறித்துவிட்டேன். இன்று வெளிச்சத்தில் பார்த்தால் பிளாஸ்டிக் உடம்பு. பாய்லர் நடுவில் வளைந்து, ஓடும் பலகை வெயிலில் காய்ந்த வாழைச்சருகு போல ஓரம் தூக்கி நிற்கிறது. பெயர் பிரின்சஸ் எலிசபெத், எண் 46201. மெக்கானோவின் டப்ளோ வரிசையில் இந்த எஞ்சின் வந்ததே இல்லை. ரோவெக்ஸ் என்ற கம்பெனி 1950-இல் கொண்டுவந்தது. அடுத்த வருஷம் லைன்ஸ் பிரதர்ஸ் அந்தக் கம்பெனியை வாங்க, ட்ரையாங் என்று பெயர் பெற்றது. ஆரம்பகால உடம்புகள் செல்லுலோஸ் அசிடேட். வருஷம் போகப் போக அது சுருங்கி முறுகும். இதே பிரின்சஸ் பின்னாளிலும் வந்தது, ஆனால் வேறு பிளாஸ்டிக்கில். அது இப்படி வளையாது. அப்படியென்றால் இந்த வளைவே பிறந்த தேதி. சூடு காட்டி நிமிர்த்தலாம் என்று யாராவது சொன்னால் பேரன் கேட்கக் கூடாது. அதையும் சீட்டில் எழுதினேன்.

பெட்டியை நம்பி ஏமாந்ததற்கு வரலாற்றிலேயே காரணம் இருக்கிறது. 1964-இல் லைன்ஸ் பிரதர்ஸ் மெக்கானோவையும் வாங்கியது. மறுவருஷம் ‘ட்ரையாங் ஹார்ன்பி’. 1972-இல் ‘ஹார்ன்பி ரயில்வேஸ்’. ஆனால் அந்தப் பெயரில் வந்தவை பெரும்பாலும் மார்கேட்டில் இருந்த ட்ரையாங் தொழிற்சாலையின் வாரிசுகள். லிவர்பூலின் டப்ளோ அச்சுகள் ரென் என்ற வேறு கம்பெனிக்குப் போயின. பெயர் ஒரு வீட்டுக்கும் சொத்து ஒரு வீட்டுக்கும் போன பாகப்பிரிவினை.

நவம்பர் 11, சனி

மூன்றாவது எஞ்சின் கார்டிஃப் கேஸில், எண் 4075, பச்சை. மீட்டர் கத்தவில்லை, இரண்டு தண்டவாளம். டப்ளோ 1959-இல்தான் இரண்டு தண்டவாளத்துக்கு வந்தது. இதே எஞ்சினை ரென்னும் செய்தது என்பதால் சிக்கல். கப்ளிங்கைப் பார்த்தால் ட்ரையாங் பாணிக் கொக்கி. ரென்னும் அதைத்தான் போட்டது. அடித்தகட்டில் ஹார்ன்பி டப்ளோ என்று இருந்தாலும், ஆரம்பகால ரென் எஞ்சின்களில்கூட அந்த எழுத்து உண்டு. லென்ஸை வைத்துக்கொண்டு ஒரு மணி நேரம் உட்கார்ந்தேன். கப்ளிங் திருகின் தலையில் கறுப்புப் பூச்சு கீறி உலோகம் தெரிகிறது. பக்கத்தில் பழைய கப்ளிங் உட்கார்ந்த வடு. பின்னால் யாரோ மாற்றியிருக்கிறார்கள். டப்ளோதான்.

யார் மாற்றியது என்று அந்த அம்மாவே சொன்னார். “இரண்டு கம்பெனி வண்டியும் ஒன்றாகப் போக வேண்டும் என்று எங்கள் மகனுக்காக அவர்தான் மாற்றினார். சமையலறை மேசையில்.” விலை போட வருபவர்கள் இதைக் குறை என்பார்கள். நான் குறை என்று எழுதவில்லை, நடந்ததை எழுதினேன்.

நவம்பர் 18, சனி

பெட்டிகளிலும் வேகன்களிலும் எட்டுக்குச் சீட்டு எழுதுவது சுலபம். ஒன்றுதான் கலங்க வைத்தது. தகர உடம்பு, வார்ப்பு அடிச்சட்டம், தட்டையான வில்தகட்டுக் கப்ளிங். போருக்கு முந்தைய வகை அது. 1947 கடைசியில் டப்ளோ திரும்பி வந்தபோது கப்ளிங் மாறிவிட்டது. அடிச்சட்டம் வீங்கி, ஓடும் பாம்புபோல வெடிப்பு. வார்க்கும்போது கலவையில் ஈயம் கலந்துவிட்டால் இப்படி உள்ளேயே அரித்துக்கொண்டு வரும். தடுக்க வழியில்லை. பக்கத்து வேகனுக்குத் தொற்றாது என்பது மட்டும் ஆறுதல்.

“உங்கள் கணவர் பிறந்தது?” என்று கேட்டேன். 1947 என்றார். அப்படியானால் இது அவருக்கு வாங்கியதல்ல என்றேன். அந்த அம்மா வெகுநேரம் வேகனையே பார்த்தார். “அவருக்கு ஓர் அண்ணன் இருந்தார்” என்றார்.

பழைய டிரான்ஸ்பார்மரைத் தொடவில்லை. அதன் வயர் உறை உதிர்கிறது. என்னுடைய 12 வோல்ட் கன்ட்ரோலரை இணைத்து, அச்சுகளுக்கு ஒரு சொட்டு எண்ணெய் விட்டு, டாங்க் எஞ்சினைத் தகர வட்டத்தில் வைத்தேன். முதலில் முனகல், எரிந்த எண்ணெய் வாசனை, பிறகு ஓடியது. நாலு சுற்று. ஒவ்வொரு சுற்றுக்கும் அந்த அம்மா விரல் மடக்கினார்.

உடைந்த வேகனைப் பஞ்சில் வைத்து, ‘போருக்கு முந்தையது. ஓட்ட வேண்டாம்’ என்று சீட்டைக் கட்டினேன். பேனாவை என்னிடமிருந்து வாங்கி, அதன் கீழே அண்ணன் பெயரை அவர் எழுதினார்.