ஹில் தெருவின் செங்கல் நிலையம்: தீயணைப்புக் கருவிகளும் அவற்றைச் சுற்றி எழுந்த கட்டடமும்

தீயணைப்பு நிலையத்தை வண்டி நிறுத்தும் கொட்டகையாகவே பலரும் எண்ணிக் கடந்து சென்றாலும், அதன் வாசலின் அகலம், தரையின் சாய்வு, கோபுரத்தின் உயரம், வீரர்கள் தங்கும் அறைக்கும் வண்டிக்கும் இடையிலுள்ள தொலைவு ஆகிய ஒவ்வொன்றும் அந்தந்தக் காலத்து இயந்திரத்தாலும் குழாயாலும் முடிவு செய்யப்பட்டவை என்பது, பழைய நிலையம் ஒன்றைச் சற்று நேரம் நின்று பார்ப்பவருக்குப் புலப்படும். சிங்கப்பூரின் ஹில் தெருவில், கேனிங் கோட்டைக் குன்றின் அடிவாரத்தில் 1909-இல் கட்டி முடிக்கப்பட்ட மத்தியத் தீயணைப்பு நிலையம் இதற்குத் தெளிவான சான்றாக இன்றும் நிற்கிறது. அந்நகரில் எஞ்சியுள்ள தீயணைப்பு நிலையங்களில் இதுவே மிகப் பழையது. 1998-இல் தேசிய நினைவுச்சின்னமாக அறிவிக்கப்பட்ட பின்னரும் பணியிலிருந்து ஓய்வு பெறாமல், ஒரு பகுதியில் மரபுக் காட்சிக்கூடமும் மறுபகுதியில் பணியில் உள்ள வீரர்களும் வண்டிகளுமாக அது இயங்கிவருகிறது.

சிவப்புச் செங்கல் வெளியே தெரிய, இடையிடையே வெண்சுண்ணப் பூச்சுப் பட்டைகள் ஓடும் அதன் முகப்பு, இங்கிலாந்தில் எட்வர்டு மன்னர் காலத்தில் பொதுக் கட்டடங்களுக்கு விரும்பிக் கையாளப்பட்ட பாணியைச் சேர்ந்தது. ஆயினும் அக்கட்டடத்தின் பெருமை அலங்காரத்தால் வந்ததன்று. 1905-இல் பொறுப்பேற்ற மாண்டேக் பெட் என்பவர், அந்நகரத் தீயணைப்புப் படைக்கு வாய்த்த முறையான பயிற்சி பெற்ற முதல் கண்காணிப்பாளர் ஆவார். வண்டிகளும் ஆட்களும் ஓரிடத்தில் இருக்கவேண்டும் என்ற அவர் காலத்துப் படையின் தேவையை ஒட்டியே கீழ்த்தளத்தில் வண்டிக்கூடமும், மேல்தளங்களில் வீரர்களின் குடியிருப்பும், இவை எல்லாவற்றுக்கும் மேலாகக் காவற்கோபுரமும் அமைந்தன. சுற்றிலும் தாழ்ந்த ஓட்டுக் கூரைகளே இருந்த அக்காலத்தில், கோபுரத்தில் முறை வைத்துக் காவலிருந்தவர்களின் கண்களே நகரத்தின் எச்சரிக்கைக் கருவியாக இருந்தன. எந்தத் திசையில், எந்தத் தெருவை ஒட்டிப் புகை எழுகிறது என்று கணித்துச் சொல்வது அனுபவத்தால் மட்டுமே வாய்க்கும் தனித்திறன். தொலைபேசி பரவி, உயர்ந்த கட்டடங்கள் சுற்றிலும் எழுந்து பார்வையை மறைத்த பின்னர் அத்திறனுக்கு வேலையில்லாமல் போயிற்று. கோபுரம் மட்டும் நிற்கிறது.

இத்தகைய கட்டடம் எப்படித் தேவைப்பட்டது என்பதை அறிய, அதற்கு முந்தைய கருவிகளைப் பார்க்கவேண்டும். ஆம்ஸ்டர்டாமில் ஓவியராகவும் பொறியாளராகவும் விளங்கிய யான் வான் டெர் ஹைடன் 1672-இல் தோலால் தைத்த நெகிழ்குழாயைப் பயன்பாட்டுக்குக் கொண்டுவந்தார். அதுவரை எரியும் வீட்டுக்குத் தோல்வாளியில் தண்ணீரைக் கைமாற்றிக் கொண்டுசென்றவர்களால், அதன் பின்னர் தீயின் அருகிலேயே நீரைப் பீய்ச்ச முடிந்தது. லண்டனில் ரிச்சர்டு நியூஷாம் 1721-இல் காப்புரிமை பெற்ற கைப்பம்பு, இருபுறமும் நீண்ட தண்டுகளைப் பலர் மாறி மாறி அமுக்க, உள்ளிருக்கும் காற்றறையின் அழுத்தத்தால் நீரை இடையறாமல் வெளியேற்றியது. காற்றறை என்பது மூடிய சிறு கலம். அமுக்கும் வேகம் கூடினாலும் குறைந்தாலும், அதனுள் அடைபட்ட காற்று விரிந்து சுருங்கி நீரோட்டத்தைச் சீராக வைத்திருக்கும். இவ்வகைப் பம்புகளை மனிதர்களே இழுத்துச் சென்றதால், அவற்றுக்குத் தேவைப்பட்டது பூட்டிவைக்க ஓர் அறை மட்டுமே. ஆலயத்தின் பக்கவாட்டிலோ சந்தையின் மூலையிலோ இருந்த அத்தகைய அறைகளே நிலையங்களின் தொடக்கம்.

நீராவியும் குதிரையும் வந்தபோதுதான் அறை கட்டடமாக வளர்ந்தது. பிரெய்த்வெய்ட், எரிக்சன் ஆகிய இருவரும் 1829-இல் லண்டனில் முதல் நீராவித் தீயணைப்புப் பம்பை உருவாக்கிய போதிலும், அது பரவலாக ஏற்கப்பட ஒரு தலைமுறைக் காலம் ஆயிற்று. 1861 ஜூன் 22 அன்று தேம்ஸ் ஆற்றங்கரையின் டூலி தெருக் கிடங்குகளில் பற்றிய பெருந்தீயில், லண்டன் படையின் தலைவர் ஜேம்ஸ் பிரெய்டுவுட் சரிந்த சுவரின் கீழ் உயிரிழந்தார். காப்பீட்டு நிறுவனங்கள் தாமே நடத்திவந்த படைகளால் மாநகரைக் காக்க இயலாது என்பது அப்போது உறுதியாகி, 1865-ஆம் ஆண்டுச் சட்டத்தின் வழியாகப் பொதுச் செலவில் நடக்கும் மாநகரப் படை பிறந்தது. அப்படைக்காகக் கட்டப்பட்ட நிலையங்களில் குதிரைகளுக்கு லாயம், லாயத்திலிருந்து வண்டிக்கு நேர்வழி, கதவு திறந்ததும் தெருவில் இறங்கும் வாட்டம் ஆகியவை ஒன்றுடன் ஒன்று பிணைக்கப்பட்டன. கொதிகலனில் நீராவி எழச் சில நிமிடங்கள் ஆகும் என்பதால், நிலையத்தில் நிற்கும்போதே அதன் நீரைச் சிறு எரிவாயுச் சுடரால் வெதுவெதுப்பாக வைத்திருந்தார்கள். வண்டி புறப்பட்ட பின் வழியிலேயே அடுப்பு மூட்டப்பட்டது. அமெரிக்காவில், சேணம் கூரையிலிருந்து தொங்கவிடப்பட்டு, குதிரை தன் இடத்தில் வந்து நின்றதும் அதன் மேல் இறக்கப்படும் ஏற்பாடு பரவியது. அங்கே சிக்காகோவின் 21-ஆம் படைப்பிரிவின் தலைவர் டேவிட் கென்யன் 1878-இல் அறிமுகப்படுத்திய சறுக்குக்கம்பம், மாடியில் உறங்கும் வீரரைப் படிகளின்றி நேரே வண்டியருகே இறக்கியது. கட்டடத்தின் தளத்தில் வட்டமாக ஓர் ஓட்டை போடுவது எவ்வளவு எளிய செயல்! ஆயினும் அதைச் செய்யவேண்டும் என்று தோன்றியது கட்டடக் கலைஞருக்கு அன்று, இரவில் படியிறங்கி ஓடிப் பழகிய வீரருக்குத்தான்.

கோபுரத்துக்குக் காவலைத் தவிர மற்றொரு வேலையும் உண்டு. உண்மையில் உலகெங்கும் நிலையங்களுக்குக் கோபுரம் வைத்ததற்கு அதுவே வலுவான காரணம். நார்த்துணியாலும் பருத்தியாலும் நெய்யப்பட்ட பழைய குழாய்களை ஈரத்துடன் சுருட்டி வைத்தால் பூஞ்சை பிடித்து நூல் இற்றுப்போகும். அழுத்தம் ஏறிய நீர் பாயும்போது இற்ற இடத்தில் குழாய் பிளந்தால், அதன் முனையைப் பிடித்துக்கொண்டு புகைக்குள் நிற்பவரின் உயிருக்கே ஆபத்து. எனவே ஒவ்வொரு தீக்குப் பின்னும் குழாய்களைத் தரையில் விரித்துச் சேறும் கரியும் போகத் தேய்த்துக் கழுவி, நீர் வடியும்படி கோபுரத்தின் உள்ளே கப்பியால் ஏற்றித் தொங்கவிட்டு, வெயில் படாமல் காற்றில் உலர்த்தினார்கள். 15 மீட்டர் குழாய் ஒன்றை நடுவில் மடித்துத் தொங்கவிட ஏழரை மீட்டர் உயரமேனும் வேண்டும். மடிப்பு விழாமல் முழு நீளமாகத் தொங்கவிட வேண்டுமானால் உயரம் இருமடங்காகும். கோபுரத்தின் அளவைக் குழாயின் நீளம் தீர்மானித்தது என்பதற்கு இந்தக் கணக்கே போதும். ரப்பர் உள்ளுறையும் செயற்கை இழையும் கொண்ட இன்றைய குழாய்கள் விரைவில் உலர்கின்றன, எளிதில் மட்குவதில்லை. அதனால் புதிய நிலையங்களில் உலர்த்தும் கோபுரம் மறைந்து, ஏணியேறும் பயிற்சிக்கான கோபுரம் மட்டும் சில இடங்களில் எஞ்சியுள்ளது.

உலர்ந்த குழாயைச் சுருட்டுவது பார்க்க எளிதாகத் தோன்றினாலும் கைப்பழக்கம் கேட்கும் வேலை. தரையில் முறுக்கின்றி நீட்டப்பட்ட குழாயின் ஒரு முனையை மறுமுனைக்கு மேலே கொண்டுவந்து, மேல் மடிப்பின் முனை கீழ் முனையைவிடச் சற்றுப் பின்தங்கி நிற்குமாறு இரட்டையாக்கி, மடிப்பிலிருந்து சுருட்டிக்கொண்டு போனால், ஆண் இணைப்பும் பெண் இணைப்பும் சுருளின் வெளிப்புறத்தில் அருகருகே வந்து அமரும். டச்சுச் சுருள் எனப்படும் இம்முறையில் சுருட்டிய குழாயை வீசி விரித்ததும் இரு முனைகளும் கைக்குக் கிடைக்கும். ஒருவர் சுருட்டிக்கொண்டே வர, மற்றவர் இரு அடுக்குகளும் ஒன்றன்மேல் ஒன்று சரியாகப் படியும்படி முன்னே நின்று இழுத்துக் கொடுக்கிறார். ஒவ்வொரு முறையும் அதே விளிம்பில் மடிப்பு விழுந்தால் அந்த இடம் தேயும் என்பதால், அவ்வப்போது மடிப்பை மாற்றுவதும் அவர்களது வழக்கம். இணைப்புகளின் உள்ளே உள்ள ரப்பர் வளையம் விரலால் தடவிப் பார்க்கப்படுகிறது. வெடிப்போ மணலோ விரலுக்குத் தெரிந்தால் அது ஒதுக்கப்படுகிறது.

இங்கிலாந்தில் ஃபிஞ்ச்லி என்னும் ஊரின் படைக்காக மெரிவெதர் நிறுவனம் 1904-இல் மோட்டார் பம்பு வண்டியை அளித்தது முதல் குதிரைகளின் காலம் முடியத் தொடங்கியது. லாயங்கள் பணிமனைகளாயின. குதிரை வண்டிக்கு அளவெடுத்த வாசல்கள் பிற்கால வண்டிகளுக்குப் போதாமல், பல ஊர்களில் நிலையங்கள் இடிக்கப்பட்டன அல்லது வேறு பயன்பாட்டுக்குப் போயின. ஹில் தெரு நிலையம் இந்த மாற்றத்தைத் தாக்குப்பிடித்தது பாராட்டத்தக்கது.

சென்னையில் 1908-இல் அமைக்கப்பட்ட தீயணைப்புப் படையும் இதே ஆங்கிலேய மரபில் வந்ததே. அழுத்தியதும் தாழிட்டுக்கொள்ளும், திருகாணி மரையற்ற இணைப்பு முறை அம்மரபின் வழியாகவே இந்தியாவுக்கும் வந்தது. இன்று அதன் அளவுகள் ஐ.எஸ். 903 என்னும் இந்தியத் தரக் குறியீட்டில் வரையறுக்கப்பட்டுள்ளன. ஒரு மாவட்டத்தின் குழாயை மற்றொரு மாவட்டத்தின் வண்டியோடு தயக்கமின்றிப் பொருத்த முடிவதற்கு இந்த ஒருமையே காரணம். பெருந்தீயின் போது நாலாபுறமிருந்தும் வண்டிகள் வந்து சேர்கையில் அதன் அருமை விளங்கும்.

தமிழ்நாட்டின் நிலையம் ஒன்றில் காலை அணிவகுப்பு முடிந்ததும் நடக்கும் கருவிச் சோதனையைக் கவனித்தால், பணியின் படிநிலை தெளிவாகத் தெரியும். நிலைய அலுவலர் பொறுப்பில் இருக்க, முன்னணித் தீயணைப்போர் குழுவை வழிநடத்த, ஓட்டுநர் பம்பையும் எஞ்சினையும் கவனிக்க, தீயணைப்போர் குழாய், ஏணி, கயிறு ஆகியவற்றைப் பங்கிட்டுச் சரிபார்க்கிறார்கள். நீர்தாங்கி வண்டி என்பது தன் தொட்டியில் சில ஆயிரம் லிட்டர் நீரைச் சுமந்து செல்லும் பம்பு வண்டி. பரவலாகக் காணப்படும் 4,500 லிட்டர்த் தொட்டி, பம்பு முழு வீச்சில் இயங்கினால் சில நிமிடங்களில் வற்றிவிடும். அதற்குள் அடுத்த நீர்நிலையைத் தேடிப் பிடிக்கவேண்டும் என்பதால், எந்த ஊரில் எந்தக் கிணற்றில் கோடையிலும் தண்ணீர் நிற்கும், எந்தக் குளத்தின் கரைவரை கனரக வண்டி போகும் என்ற அறிவு ஓட்டுநரின் முதன்மையான கருவியாகிறது. அது எந்தக் கையேட்டிலும் இல்லை.

கிணற்றிலிருந்து நீர் எடுக்கும் வேலையில்தான் இத்தொழிலின் நுட்பம் முழுமையாக வெளிப்படுகிறது. உறிஞ்சுகுழாய் சாதாரணக் குழாயைப் போலத் தட்டையாகாமல், உள்ளே கம்பிச் சுருள் வைத்து விறைப்பாகச் செய்யப்பட்டது. அதன் அடிமுனையில் இலையும் சேறும் புகாதபடி வடிகட்டி பூட்டப்படுகிறது. பம்பு தானாக நீரை மேலே இழுப்பதில்லை. அதனுள் உள்ள காற்றை முதலில் வெளியேற்றினால், கிணற்று நீரின் மேல் அழுத்தும் வளிமண்டலமே நீரைக் குழாய்க்குள் தள்ளுகிறது. அந்த அழுத்தம் தாங்கக்கூடிய நீரின் உயரம் கோட்பாட்டளவில் 10.3 மீட்டர் எனினும், உராய்வும் கசிவும் போக நடைமுறையில் ஏழெட்டு மீட்டருக்கு மேல் எதிர்பார்க்க முடியாது. இணைப்பு ஒன்றில் ரப்பர் வளையம் மணலால் சிறிது பிசகியிருந்தாலும் காற்று புகுந்து நீர் ஏறாது. வெற்றிட அளவியின் முள்ளைப் பார்த்துக்கொண்டே, எஞ்சினின் ஒலி மாறும் கணத்தில் நீர் ஏறிவிட்டது என்று அறியும் ஓட்டுநரின் செவி, நீண்டகாலப் பயிற்சியின் விளைவு. காலையில் விரலால் வளையத்தைத் தடவிப் பார்த்த தீயணைப்போரின் கவனம் இங்கேதான் பயன் தருகிறது.

இன்று தீயைவிட மீட்பு அழைப்புகளே பல நிலையங்களின் நாளை நிரப்புகின்றன. கிணற்றில் விழுந்த மாடு, வீட்டுக்குள் புகுந்த பாம்பு, விபத்தில் நசுங்கிய வாகனத்துக்குள் சிக்கியவர், வெள்ளத்தில் தவிக்கும் குடும்பம் என அழைப்பின் தன்மை மாறிய பின்னர் கயிறு, வலை, திரவ அழுத்தத்தால் இயங்கும் வெட்டுக்கருவி, ரப்பர்ப் படகு ஆகியவை வண்டிக்கூடத்தில் இடம் கேட்கின்றன. சென்னையில் 54 மீட்டர் உயரம் எட்டும் ஸ்கைலிப்ட் வண்டி வந்தபோது, அதன் எடையைத் தாங்கும் தரையும் அது திரும்பப் போதுமான முற்றமும் தேவைப்பட்டன. ஆனால் தமிழ்நாட்டில் இன்றும் பல நிலையங்கள் வேறு நோக்கத்துக்காகக் கட்டப்பட்ட வாடகைக் கட்டடங்களில் இயங்குகின்றன. வண்டி வெயிலில் நிற்க, குழாய்கள் சுற்றுச்சுவரின்மேல் காய, ஓய்வறைக்கும் வண்டிக்கும் இடையே நீண்ட நடைபாதை இருக்கும் நிலையம், எத்தனை திறமையான குழுவையும் தாமதிக்கச் செய்யும். கட்டடமும் ஒரு கருவியே என்பதை நூறாண்டுகளுக்கு முன் ஹில் தெருவில் உணர்ந்திருந்தார்கள். புதிய நிலையங்களுக்கு வரைபடம் எழுதும்போது பொறியாளரோடு நிலைய அலுவலரும் ஓட்டுநரும் உட்கார்ந்து பேசுவது கட்டாயமாக்கப்பட வேண்டும். குழாயை எங்கே கழுவுவது, எங்கே உலர்த்துவது, எந்தக் கதவு எந்தப் பக்கம் திறப்பது என்பவற்றை அவர்களே அறிவார்கள். பழைய நிலையங்களைப் பொறுத்தவரை, காட்சிப்பொருளாக்கி மூடிவைப்பதைவிட, இயன்றவரை பணியில் வைத்துக்கொண்டே பாதுகாப்பது சிறந்தது.

1944 ஏப்ரல் 14 அன்று பம்பாய் விக்டோரியா கப்பல்துறையில், பருத்திப் பொதிகளோடு ஏறத்தாழ 1,400 டன் வெடிபொருளும் ஏற்றப்பட்டிருந்த ஃபோர்ட் ஸ்டைகின் என்னும் கப்பலில் தீப்பிடித்தது. அதை அணைக்கப் போராடியவர்கள் பிற்பகல் நான்கு மணியளவில் கப்பல் வெடித்தபோதும் துறையை விட்டு அகலவில்லை. அன்று 66 தீயணைப்பு வீரர்கள் உயிரிழந்தனர். அவர்களின் நினைவாகவே ஆண்டுதோறும் ஏப்ரல் 14 முதல் 20 வரை தீத்தொண்டு வாரம் கடைப்பிடிக்கப்படுகிறது. அவ்வாரத்தில் தமிழ்நாட்டின் தீயணைப்பு நிலையங்கள் கருவிகளைப் பொதுமக்களுக்குக் காட்டி, செயல்விளக்கமும் அளிக்கின்றன. ஊரிலுள்ள நிலையத்துக்குப் பிள்ளைகளை அழைத்துச் சென்று, அங்குள்ளவர்கள் பம்பையும் குழாயையும் இயக்கிக் காட்டுவதைப் பொறுமையாகப் பார்த்துவர வாசகர்கள் ஒரு நாளையேனும் ஒதுக்கவேண்டும். தீ, மீட்பு உதவிக்கு அழைக்கவேண்டிய எண் 101, 112-இலும் அழைக்கலாம்.