இசையும் இசைவும்

'இசை' என்னும் சொல் தமிழில் ஒரு பொருளோடு நின்றுவிடுவதன்று. பண்ணை இசை என்கிறோம்; புகழையும் இசை என்கிறோம். அதுவே வினையாகி 'இசைதல்' என வரும்போது பொருந்துதல், உடன்படுதல் என்னும் பொருள்களைத் தருகிறது. இரு குரல்கள் ஒரு சுருதியில் பொருந்துவதற்கும் இரு மனிதர்கள் ஒரு கருத்தில் உடன்படுவதற்கும் ஒரே சொல் போதுமெனத் தமிழ் கருதியிருக்கிறது. வகுப்பறையில் இதனை விளக்கும்போதெல்லாம் மாணவர் முகங்கள் மலர்வதைக் காண்கிறோம். ஆயினும், விளக்கி முடித்ததும் நம் உள்ளத்தில் ஒரு வினா எழுகிறது. இசை இருக்குமிடத்தில் இசைவு தானே வந்துவிடுமா?

வாராது என்பதே நம் விடை. நல்லிணக்க விழாக்கள் பலவற்றை நாம் கண்டிருக்கிறோம். மேடையில் மூன்று சமயத்தார் நிற்பர், மூன்று பாடல்கள் முழங்கும், மூன்று பொன்னாடைகள் போர்த்தப்பெறும், கூட்டம் கலையும். மறுநாள் அம்மூவரும் ஒருவர் தெருவில் மற்றவர் நடப்பதில்லை. அவ்விழாக்கள் வேண்டா என்பதன்று நம் கருத்து. விழா ஒரு மாலைப்பொழுதில் முடிந்துவிடும். இசைவுக்கோ பல்லாண்டுப் பயிற்சி வேண்டும். ஒருவர் மற்றவரின் கலையைப் பணிந்து கற்ற இடங்களிலேதான் கலைவழி பிறந்த நட்பு நிலைத்திருக்கிறது. இக்கருத்தை நிறுவுதலே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

அருகமைதலும் அளவளாவுதலும்

சென்னையின் தென்பகுதியைச் சற்று நோக்குவோம். மயிலாப்பூரில் கபாலீசுவரர் திருக்கோயிலுக்கும் சாந்தோம் பேராலயத்திற்கும் இடையே நடந்தே சென்றுவிடலாம். கோயிலின் தெப்பக்குளத்திற்கு ஆர்க்காட்டு நவாபு நிலம் அளித்தார் என்னும் செய்தி வழிவழியாக வழங்கிவருகிறது. முகர்ரம் நாளில் முஸ்லிம்கள் அக்குளத்தைப் பயன்படுத்தும் உரிமையும் அதனோடு சேர்த்தே பேசப்படுகிறது. தெற்கே அடையாற்றில், 1882 முதல் பிரம்ம ஞான சபையின் தலைமையிடமாக விளங்கும் வளாகத்தில் இந்துக் கோயிலும் பள்ளிவாசலும் தேவாலயமும் பௌத்த ஆலயமும் மரநிழலில் அமைந்துள்ளன. 1936இல் ருக்மிணி தேவி அருண்டேல் கலாக்ஷேத்திரத்தைத் தோற்றுவித்ததும் அவ்வளாகத்திலேதான். பின்னரே அது திருவான்மியூருக்குப் பெயர்ந்தது.

இவை நாம் பெருமை கொள்ளத்தக்கன. எனினும் அருகமைதல் வேறு, அளவளாவுதல் வேறு. சுவர் தொட்டு வாழும் இரு வீட்டார் முப்பது ஆண்டுகள் பேசாமலேயே இருந்துவிடக் கூடும். ஒரு வீட்டார் சமையலை மற்றவர் கேட்டறிந்து சமைக்கத் தொடங்கும் நாளில் சுவரின் உயரம் குறைகிறது. கலையும் அத்தகையதே.

சீவாளி தந்த விடை

மயிலாப்பூரை அடுத்த டி.டி.கே. சாலையில் உள்ள சென்னை மியூசிக் அகாதெமி 1928இல் நிறுவப்பெற்றது. அது ஆண்டுதோறும் வழங்கும் 'சங்கீத கலாநிதி' விருது கருநாடக இசையுலகில் மிக உயர்ந்ததாக மதிக்கப்படுகிறது. 1998ஆம் ஆண்டுக்குரிய அவ்விருதைப் பெற்றவர் நாகசுர மேதை ஷேக் சின்ன மௌலானா. இச்செய்தியைச் சொன்னால் இன்றைய மாணவர் பலர் வியப்பெய்துகின்றனர். ஒரு முஸ்லிம், அதிலும் கோயில் இசைக்கருவியாகிய நாகசுரத்தில், அத்தகு பெருமையை எய்தியது எங்ஙனம்?

அவர் 1924இல் ஆந்திரப் பகுதியைச் சேர்ந்த கரவதி என்னும் ஊரில் பிறந்தார். குண்டூர், பிரகாசம் மாவட்டங்களில் பல தலைமுறைகளாக நாகசுரம் வாசித்துவரும் முஸ்லிம் குடும்பங்கள் உள்ளன. அக்குடும்பங்களுள் ஒன்றே அவருடையது. முதலில் தம் வீட்டாரிடமும், பின்னர்ச் சிலக்கலூரிப்பேட்டை ஷேக் ஆதம் சாகிப்பிடமும் அவர் பயின்றார். அத்தோடு அமைந்திருந்தால் அவர் தம் வட்டாரத்தில் புகழ்பெற்ற கலைஞராக வாழ்ந்திருப்பார். ஆனால் திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளையின் வாசிப்பு அவரைத் தஞ்சை மண்ணை நோக்கி ஈர்த்தது. காவிரிக்கரையின் பாணியைக் கற்கும் வேட்கையால் நாச்சியார்கோயில் ராஜம், துரைக்கண்ணு சகோதரர்களிடம் அவர் மாணவராக அமர்ந்தார். பின்னர்ச் சீரங்கத்தையே தம் ஊராக்கிக்கொண்டார். அங்கே நாகசுரப் பள்ளி நிறுவி, சமயமோ சாதியோ பாராது மாணவர்க்குக் கற்பித்தார்.

இங்கு நாம் கருதவேண்டியது ஒன்றுண்டு. நாகசுரம் எளிய கருவியன்று. ஆச்சா மரத்தில் கடைந்த உலவு, நாணற்புல்லால் ஆன சீவாளி, அடியில் அணசு என அதன் உறுப்புகளைச் சொல்லிவிடலாம். அதற்குரிய மூச்சு ஒரு வாழ்நாள் உழைப்பில் வருவது. அன்றியும், கோயிலில் அதற்கென ஓர் ஒழுங்குண்டு. புறப்பாட்டின்போது மல்லாரி வாசிக்கவேண்டும். பொழுதுக்கேற்ற இராகம் வேண்டும். வீதியின் ஒவ்வொரு முனையிலும் வாசிக்கத்தக்கது இன்னதென்னும் மரபு உண்டு. இவற்றையெல்லாம் கற்றுத் தேர்ந்தவரிடம் "நீ எந்தச் சமயம்?" என்று கேட்பது, வீடு கட்டி முடித்தவனிடம் "உனக்குச் செங்கல் தெரியுமா?" என்று கேட்பதை ஒக்கும். மௌலானா நல்லிணக்கத்தைப் பற்றி மேடைதோறும் பேசியதால் அப்பெருமையை அடைந்தாரல்லர். சாவேரியையும் தோடியையும் பிழையற வாசித்ததால் அடைந்தார். அவர் முஸ்லிமாகவே வாழ்ந்தார். முஸ்லிமாகவே 1999 ஏப்பிரலில் சீரங்கத்தில் மறைந்தார். பெயரையும் மாற்றிக்கொள்ளவில்லை, வாசிப்பையும் குறைத்துக்கொள்ளவில்லை.

அம்மரபு அவரோடு முடிந்துவிடவும் இல்லை. அவருடைய பேரர்கள் காசிம், பாபு சகோதரர்கள் அதனைத் தொடர்ந்தனர். அவரிடம் பயின்ற ஷேக் மகபூப் சுபானி, காலீஷாபி மகபூப் இணையருக்கு 2020ஆம் ஆண்டின் பத்மஸ்ரீ விருது அறிவிக்கப்பெற்றது. ஒரு முஸ்லிம் பெண்மணி நாகசுரம் ஏந்திக் கணவரோடு சரிநிகராக அமர்ந்து வாசிக்கும் காட்சி நம் காலத்தின் பேறு.

இருபக்கத்துத் தடைகள்

தடைகளைச் சொல்லாமல் விடுதல் நேர்மையாகாது. முதலில் நம் வீட்டுத் தடையைச் சொல்வோம்.

இராயப்பேட்டையில் குடியிருக்கும் நம் இல்லத்தில், மகள் வீணை கற்கவேண்டுமென்று விரும்பினாள். மயிலாப்பூரில் ஓர் அம்மையாரிடம் அழைத்துச் சென்றோம். அவர் முதலில் கேட்டது இதுதான்: "கீர்த்தனை எல்லாம் சாமி பேர்லதான் இருக்கும். உங்க வீட்டுப் பெரியவங்களுக்குச் சம்மதமா?" வீட்டிலும் அதே வினா வேறு வடிவில் காத்திருந்தது. நம் பெரிய தந்தையார், "தம்பி, பாட்டு வாத்தியாரம்மா வீட்டுக்கு அனுப்புறியே, தொழுகை தவறாம இருக்குமா?" என்றார். மகளே விடை சொன்னாள்: "அஸர் தொழுதுட்டுத்தான் போவேன், பெரிய நன்னா."

இசைக்கருவிகளை விலக்கும் ஆலிம்கள் உளர். அவர்தம் பேணுதலை நாம் மதிக்கிறோம். மணவிழாக்களில் தஃப் முழக்குதற்கு இடமளித்த மரபும் நம்மிடையே உண்டு. இமாம் கஸ்ஸாலி தம் 'இஹ்யா உலூமித்தீன்' என்னும் பெருநூலில் இசை கேட்டலைப் பற்றித் தனியே ஆராய்ந்து, காலம், இடம், உடனிருப்போர் என்பனவற்றைக் கருதவேண்டும் என்று வரையறுத்துள்ளார். சிஷ்திய்யா வழியினர் இசையை இறைநினைவுக்கு ஏணியாகக் கொண்டனர். நக்‌ஷபந்திய்யா வழியினர் பொதுவாக மௌன திக்ரைப் போற்றினர். ஆகவே இது நம்முள்ளேயே பல நூற்றாண்டுகளாக நடந்துவரும் உரையாடல். நமக்குள் உரையாடத் தெரியாதவர் பிறரோடு எங்ஙனம் உரையாடுவர்?

வீணை வகுப்பு தொடர்ந்தது. மாலையில் நேரமானால் அம்மையாரே, "பாங்கு நேரமாச்சு, கிளம்பும்மா" என்று சொல்லி அனுப்புவார். ரமலான் வந்ததும் வகுப்பைக் காலைக்கு மாற்றிக்கொண்டார். சரசுவதி பூசையன்று, "நீ கும்பிடணும்னு இல்ல, வீணையைத் துடைச்சு வைக்க உதவி பண்ணு" என்றார். மகள் அவ்வாறே செய்தாள். இருவரும் தத்தம் எல்லையை விட்டுக்கொடுக்கவில்லை. மற்றவர் எல்லை எதுவென இருவரும் அறிந்துகொண்டனர். சமய உரையாடல் என்று நாம் பெரிய சொற்களால் குறிப்பது இதனைத்தான் போலும். பெரிய தந்தையார் இன்றும் வீணை கேட்க அமர்வதில்லை. ஆனால் வகுப்புக்குச் செல்ல நேரமாகிவிட்டால் முதலில் குரல் கொடுப்பவர் அவரே.

மற்றொரு தடை எதிர்ப்பக்கத்திலிருந்து எழுந்தது. 2018 ஆகஸ்டில், கருநாடக இசையில் கிறித்தவப் பாடல்களைப் பாடிய இசைவாணர் சிலர் மிரட்டலுக்கு ஆளாயினர். சென்னையில் அறிவிக்கப்பட்டிருந்த ஒரு நிகழ்ச்சியிலிருந்து பாடகர் ஒருவர் விலகிக்கொண்டார். அப்போது டி.எம். கிருஷ்ணா, திங்கள்தோறும் இயேசுவையோ அல்லாஹ்வையோ பற்றிய ஒரு கருநாடக இசைப் பாடலை வெளியிடப்போவதாக அறிவித்தார். பின்னாளில், 2024ஆம் ஆண்டுக்குரிய சங்கீத கலாநிதி விருது அவருக்கு அறிவிக்கப்பட்டபோதும் இசையுலகில் எதிர்ப்பும் ஆதரவும் கிளர்ந்தன.

மிரட்டலை எவ்வகையாலும் ஏற்றல் இயலாது. எனினும் அன்று எழுந்த குறைகளுள் ஒன்றைச் செவிமடுக்கவேண்டும். பழைய கீர்த்தனைகளின் சொற்களை நீக்கி வேறு தெய்வப் பெயரைச் செருகுகின்றனர் என்பதே அது. அவ்வாறு எவரேனும் செய்தால் அது முறையன்று. தியாகராசரின் கீர்த்தனை இராமனுக்கு உரியது. அதை வாசிப்பவர் இராமனுக்கு உரியதாகவே வாசிக்கவேண்டும். மௌலானா அவ்வாறே வாசித்தார். ஆனால் இராகம் எவர்க்கும் தனியுடைமையன்று. புதுச்சொல் யாத்துப் புதுப்பாடல் புனைவோர்க்கு எவரும் கதவடைத்தல் கூடாது. பிறர் பாடலைச் சிதைத்தலும் தகாது. பிறர் பாடுதலைத் தடுத்தலும் தகாது.

தமிழ் முன்பே காட்டிய வழி

இந்நெறி தமிழுக்குப் புதிதன்று. 1878இல் வெளிவந்த 'சர்வ சமய சமரசக் கீர்த்தனை'களை இயற்றிய மாயூரம் வேதநாயகம் பிள்ளை ஒரு கத்தோலிக்கர். அவர் எவர் பாடலையும் மாற்றவில்லை. எச்சமயத்தாரும் பாடத்தக்க புதுக் கீர்த்தனைகளைத் தாமே யாத்தார். அவை இன்றும் கச்சேரி மேடைகளில் ஒலிக்கின்றன. தஞ்சை ஆபிரகாம் பண்டிதர் பழந்தமிழிசையின் கணக்குகளை ஆராய்ந்து 1917இல் 'கருணாமிர்த சாகரம்' வெளியிட்டார். தமிழிசை ஆய்வாளர் எச்சமயத்தவராயினும் அந்நூலைக் கடந்து செல்லுதல் அரிது.

நம் புலவர்க்கு வருவோம். சீறாப்புராணம் பாடிய உமறுப்புலவர்க்குத் தமிழ் கற்பித்தவர் எட்டயபுரம் கடிகைமுத்துப் புலவர். நபிகள் நாயகத்தின் வாழ்வைப் பாடவந்த உமறு, காப்பிய மரபு வழுவாது நாட்டுப்படலம் அமைத்து, அரபு நாட்டை ஆறு பாயும் மருத நிலமாகவே வருணித்தார். ஆசிரியர் தந்த இலக்கணத்தை அவர் ஐயாயிரத்துக்கு மேற்பட்ட விருத்தங்களில் திருப்பித் தந்தார் எனின் மிகையாகாது. சென்னையின் வடபால் அடங்கியிருக்கும் குணங்குடி மஸ்தான் சாகிபு தாயுமானவர் போலக் கண்ணிகள் பாடினார். அவர்மீது நான்மணிமாலை பாடியவர் திருத்தணிகைச் சரவணப்பெருமாள் ஐயர். ஒரு முஸ்லிம் ஞானிக்கு ஓர் இந்துப் புலவர் சூட்டிய மாலை அது. அதனைச் சூட்டுவதற்கு ஐயர் தம் சமயத்தை விடவேண்டியிருக்கவில்லை; குணங்குடியாரின் பாடல்களைக் கற்றிருக்கவேண்டியிருந்தது.

மாணவர்க்கு ஒரு சொல்

இவ்வாண்டு நம் வகுப்பில் சீறாப்புராணத்தை உரக்கப் படிக்கும் மாணவருள் இந்துக்களும் கிறித்தவர்களும் உள்ளனர். தேவாரப் பகுதியைப் பிழையற ஒப்புவிக்கும் மாணவருள் முஸ்லிம்களும் உள்ளனர். தேர்வுக்காகவே படித்தாலும் குற்றமில்லை, நாவில் ஏறிய சொல் நெஞ்சில் ஏறப் பொழுது பிடிக்கும், ஆனால் ஏறும்.

ஆதலின் மாணவச் செல்வங்களே, நல்லிணக்கத்தைப் பற்றிப் பேசும்முன் ஒன்றைக் கற்றுக்கொள்ளுங்கள். உங்கள் சமயத்துக்கு அயலான ஒரு கலையையோ காப்பியத்தையோ கருவியையோ தேர்ந்து, அதன் இலக்கணம் கைவரும்வரை பணிந்து பயிலுங்கள். கருவி வேண்டாதவர் காப்பியம் ஏந்துக. மார்கழியில் மயிலாப்பூரிலும் தியாகராய நகரிலும் நடைபெறும் கச்சேரிகளுள் கட்டணமின்றிக் கேட்கத்தக்கனவும் உள்ளன. ஒருநாள் சென்று பின்வரிசையில் அமருங்கள். மீலாது மேடையில் சீறாப் பாடல்களுக்கு விரிவுரை நிகழும்போது பிறசமய நண்பரை உடன் அழைத்து வாருங்கள். புரியாததைக் கேளுங்கள், கேட்பவர்க்குப் பொறுமையோடு விடை கூறுங்கள்.

சுருதி சேராமல் எவரும் பாடத் தொடங்குவதில்லை. சுருதி சேர்ப்பதற்கோ, பாடுமுன் சிறிது நேரம் வாய்மூடிப் பிறர் ஒலியைக் கேட்கவேண்டும். அவ்வாறு கேட்கப் பழகிய செவிக்கு இசையும் கைகூடும், இசைவும் கைகூடும்.