சிறு வெளிச்சத்தில் ஒரு முகம்

என் உம்மா தம் வாழ்நாளில் இரண்டு முறைதான் நிழற்படத்திற்கு முகம் கொடுத்தார்கள். முதலாவது, ஹஜ்ஜுப் பயணத்தின் கடவுச்சீட்டுக்காக ஒரு ஸ்டூடியோவில் எடுத்தது. இரண்டாவது, மின்சாரம் அற்றுப் போயிருந்த ஓர் இரவில், ஒரே ஒரு மெழுகுவர்த்தியின் துணையோடு கைப்பேசியில் எடுத்தது. முன்னதில் இருப்பவரை நான் அறியேன். பின்னதில் இருப்பவரே என்னைப் பெற்றவர்.

2018 நவம்பர் 16 அதிகாலையில் 'கஜா' புயல் நாகப்பட்டினத்திற்கும் வேதாரண்யத்திற்கும் இடையே கரை கடந்தது. எங்கள் முத்துப்பேட்டைப் பகுதியில் அன்று விழுந்த தென்னைகளுக்குக் கணக்கில்லை. மின்கம்பங்களும் அவற்றோடு சாய்ந்தன. பல நாட்கள் எங்கள் தெரு இருளில் கிடந்தது. மஃரிபுக்குப் பின் வீட்டார் அனைவரும் கூடத்தில் ஒரு மெழுகுவர்த்தியைச் சுற்றி அமர்வோம். எண்பதைக் கடந்த உம்மா, தாம் சிறுமியாக இருந்தபோது 1952இல் அடித்த புயலைப் பற்றியும், அன்றைய அரிக்கேன் விளக்கு இரவுகளைப் பற்றியும் சொல்வார்கள், நாங்கள் கேட்டிருப்போம்.

அப்படி ஓர் இரவில் கல்லூரியில் பயிலும் என் மகள், "வாப்பா, இந்த வெளிச்சத்தில் வாப்பும்மாவைப் பாருங்கள்! ஒரு படம் எடுக்கட்டுமா?" என்றாள்.

"இந்த வயதில் எனக்கு எதற்கம்மா படம்?" என்ற உம்மா, சற்று யோசித்து, "எடுத்தால் உன்னோடு இருக்கட்டும். ஊரெல்லாம் காட்டித் திரியாதே" என்று இசைந்தார்கள். மகளும் வாக்களித்தாள்.

முதற்படம் பாழாயிற்று. கைப்பேசியின் ஃபிளாஷ் விளக்கு பளீரென்று வெட்ட, முகம் சுண்ணாம்புச் சுவர்போல் வெளுத்தது. கண்கள் கூசிச் சுருங்கின. ஃபிளாஷை அணைத்துவிட்டு, மெழுகுவர்த்தியை உம்மாவின் முன்னே தரையில் வைத்தோம். ஒளி கீழிருந்து மேலே ஏறவே, கன்னங்களின் நிழல் கண்களில் விழுந்து, அன்பே உருவான முகம் அச்சமூட்டும் முகமாகத் தோன்றியது. போதாக்குறைக்குச் சுடரும் படத்திற்குள் இருந்தது. கேமரா சுடரின் பிரகாசத்தையே அளவாகக் கொண்டு முகத்தை இருட்டடித்துவிட்டது.

பிழைகளே எங்களுக்கு ஆசான்களாயின. உம்மாவின் இடப்பக்கம் ஒரு முக்காலியை இட்டு, சுடர் கண்ணுக்கு நேராக நிற்கும்படி மெழுகுவர்த்தியை உயர்த்தி வைத்தோம். சுடர் படத்திற்குள் வராதபடி மகள் சற்று நகர்ந்தாள். திரையில் உம்மாவின் முகத்தைத் தொட்டு அழுத்தி, ஒளியின் அளவைச் சிறிது கீழே இறக்கினாள். வலப்பக்கம் இருள் கனத்திருந்தது. என் மனைவி ஒரு நாற்காலியின் முதுகில் உம்மாவின் வெள்ளைத் துப்பட்டியை விரித்துப் போட, மெழுகுவர்த்தியின் ஒளி அதில் பட்டுத் திரும்பி அந்தக் கன்னத்தையும் மெல்லத் தொட்டது. கை நடுங்காதிருக்கக் கைப்பேசியை ஒரு செம்பின்மேல் சாய்த்து நிறுத்தி, மூன்று விநாடி கழித்துத் தானே படமெடுக்கும்படி வைத்தாள்.

ஒளியின் இயல்பு ஒன்று அன்று எனக்கு விளங்கியது. விளக்கிலிருந்து இருமடங்கு தள்ளி அமர்ந்தால், முகத்தில் விழும் ஒளி பாதியாகக் குறைவதில்லை, நான்கில் ஒன்றாகிவிடுகிறது. ஆகவே சிறு விளக்கை நம்பியிருப்பவர் அதன் அருகில்தான் அமர வேண்டும். குறைந்த ஒளியைச் சேர்த்துக்கொள்ளக் கேமராவுக்கு நேரமும் தேவை. அதுவரை அமர்ந்திருப்பவர் அசையலாகாது, எடுப்பவர் அவசரப்படலாகாது.

கி.பி. 965 அளவில் பஸராவில் பிறந்து கெய்ரோவில் மறைந்த இப்னுல் ஹைதம், தம் 'கிதாபுல் மனாழிர்' என்னும் ஒளியியல் நூலில் விளக்குகளைக் கொண்டு செய்த ஒரு சோதனையை விவரிக்கிறார். இருளறையின் சிறு துளைக்கு எதிரே பல விளக்குகளை வெவ்வேறு இடங்களில் வைத்தால், உள்ளே அத்தனை ஒளித்திட்டுகள் தனித்தனியே தோன்றும். ஒரு விளக்கை மறைத்தால் அதற்குரிய திட்டு மட்டுமே மறையும். ஒளிகள் ஒன்றோடொன்று கலந்து குழம்புவதில்லை என்பதற்கு அதுவே சான்று. என் மகளின் கைப்பேசிக்குள் இருப்பதும், துளையில் ஒரு கண்ணாடிவில்லை பொருத்திய அத்தகைய இருளறைதானே! ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் விளக்கோடு அமர்ந்து சிந்தித்த அப்பெருமகனாரை அன்றிரவு நன்றியோடு நினைத்துக்கொண்டேன்.

படம் அமைந்தது. 1952ஆம் ஆண்டுப் புயலின் கதையைச் சொல்லி முடித்து, சுடரைப் பார்த்தபடி உம்மா மௌனமான கணம் அது. நெற்றிச் சுருக்கங்கள் ஒவ்வொன்றிலும் மெல்லிய பொன்நிறம். விழிகளில் ஒவ்வொரு சிறு சுடர். மஞ்சளைக் குறைத்து வெண்மையாக்கக் கைப்பேசியில் வழி உண்டு. மகள் அதைச் செய்யவில்லை.

2021இல் உம்மா இறையடி சேர்ந்தார்கள். செய்தியோடு அனுப்ப ஒரு நல்ல படம் வேண்டுமென்று உறவினர் கேட்டனர். வளைகுடாவில் இருந்த என் தம்பியும் தொலைபேசியில் அழுதபடி கேட்டான். நான் தடுமாறினேன். மகளோ, "வாக்குக் கொடுத்திருக்கிறேன், வாப்பா" என்றாள். தம்பிக்கு வருத்தம்தான், சில மாதங்கள் என்னோடு சரியாகப் பேசவில்லை.

மறு ஆண்டு விடுமுறையில் அவன் வந்தான். இரவு உணவு முடிந்ததும் மகள் அவனருகில் அமர்ந்து, கைப்பேசியைத் திறந்து அவன் கையில் கொடுத்தாள். நெடுநேரம் பார்த்திருந்தான். பின்பு, "இதை யாருக்கும் அனுப்பாதேம்மா" என்று சொல்லித் திருப்பிக் கொடுத்தான்.

உங்கள் இல்லத்திலும் படத்திற்கு முகம் கொடுக்காத முதியவர் ஒருவர் இருக்கக்கூடும். ஓரிரவு மின்விளக்கை அணைத்து, துணி எட்டாத தொலைவில் ஒரு மெழுகுவர்த்தியை ஏற்றி, அவர் அருகில் அமருங்கள். முதலில் அவர் பேசுவதைக் கேளுங்கள். பிறகு அனுமதி கேளுங்கள். கிடைத்தால் படம் எடுங்கள். கிடைக்காவிட்டாலும் அந்த இரவு வீணாகாது.