கோடு தெரியக் கூடாது

போன தை மாசம் அக்கா மகளுக்குக் கல்யாணம். ரெண்டு வாரம் முன்னாடி ஒரு பார்லர்ல மேக்கப் ட்ரயல் பார்த்தாங்க. வீட்டுக்கு வந்தவ கண்ணாடி முன்னாடி கொஞ்ச நேரம் நின்னா. "சித்தி, இது நான் இல்லையே"ன்னு சொல்லிட்டு முகம் கழுவப் போயிட்டா. நல்ல கறுப்பு அவ. இமை மேல வெளிறிப்போன கலரைப் பட்டையா அடிச்சிருந்தாங்க, சாம்பல் பூசின மாதிரி. பட்டையோட ஓரம் கோடு போட்டது போலத் தெரிஞ்சது.

"ரிசப்ஷனுக்கு நீங்களே போட்டு விடுங்க."

எனக்குத் தெரிஞ்ச கண் அலங்காரம் மையோட சரி!

சரி, கத்துக்கிட்டாப் போச்சுன்னு 12 பிரஷ் இருக்கிற செட் ஒண்ணு வாங்கினேன். இங்கதான் ஏமாந்தேன். அதுல முக்கால்வாசி தட்டை பிரஷ். முடி நெருக்கமா இருக்கிற தட்டை பிரஷ், கலரை ஒரே இடத்துல அப்பத்தான் லாயக்கு. ஓரத்தைக் கரைக்க அதால முடியாது. கரைக்கணும்னா நுனி உருண்டு, முடி தளர்வா, பஞ்சு மாதிரி இருக்கிற பிளெண்டிங் பிரஷ் வேணும். மணிக்கட்டுல அழுத்திப் பாருங்க. குத்தாம வளைஞ்சு, எடுத்ததும் நிமிரணும். ரொம்பப் பெரிசும் ஆகாது. சின்னக் கண்ணுன்னா கலர் புருவம் வரைக்கும் ஏறிடும்.

முன்னெல்லாம் ஆட்டு முடி பிரஷ்னா தனி மவுசு. பவுடரை நல்லாப் பிடிக்கும். மேக் கம்பெனியோட பேர்போன 217-ஆம் நம்பர் பிரஷ் கூட முதல்ல ஆட்டு முடிதான். அப்புறம் அவங்களே செயற்கை முடிக்கு மாறிட்டாங்க. நானும் செயற்கை முடியிலயே 350 ரூபாய்க்குத் தனியா ஒண்ணு வாங்கினேன்.

தினம் ராத்திரி சாப்பாடு முடிஞ்சதும் என் கண்ணுலயே பயிற்சி. மூணாம் நாள் வீட்டுக்காரர் நிமிர்ந்து பார்த்து, "யார் அடிச்சா?"ன்னார் :-)

தப்பு பிரஷ்ல இல்லை, கையில. பேனா மாதிரி முடிக்குப் பக்கத்துல பிடிச்சு அழுத்தியிருக்கேன். கைப்பிடியோட கடைசியில பிடிச்சதும் அழுத்தம் தானாக் குறைஞ்சுது. கொஞ்சமாத் தொட்டு, உதறிட்டு, கண்ணைத் திறந்து நேராப் பார்த்தபடி இமை மடிப்புல கார் வைப்பர் மாதிரி அந்தப்பக்கம் இந்தப்பக்கம். ஓரத்துல மட்டும் சின்னச் சின்ன வட்டம். பிரஷ்ல மறுபடி கலர் தொடாமலே வட்டம் போட்டுக்கிட்டே இருக்கணும், கோடு மறையுற வரைக்கும். பொறுமைதான் வேணும், நமக்கு அது கம்மி.

கலர் விஷயமும் அப்பத்தான் உறைச்சது. கரைக்கிற கலர் தோலைவிட ஒரு படி அடர்த்தியா இருக்கணும். அவ நிறத்துக்குச் செங்கல் கலர் அப்படிப் பொருந்துச்சு. பார்லர்ல தோலைவிட வெளிறினதை வெச்சு இழுத்ததாலதான் சாம்பல் பூத்திருக்கு.

என் கண்ணுல பழகின பிரஷை அப்படியே அவ கண்ணுல வைக்கலாமா? கண் நோவு வந்தா என்ன ஆகுறது? முந்தின நாள் ராத்திரி ஷாம்பு போட்டுக் கழுவி, டம்ளர்ல முடி மேல பார்க்க நிறுத்தி வெச்சேன். அதி மேதாவி! தண்ணி கீழ இறங்கி, காலையில கைப்பிடி லொடலொடன்னு ஆடுது. படுக்க வெச்சுக் காய வைக்கணுமாம். தையல் நூலை இறுக்கிச் சுத்தி ஒப்பேத்தினேன். (மாசக்கணக்குல கழுவாம வெச்சிருக்கிறவங்களுக்கு: ஏழு முதல் பத்து நாளைக்கு ஒரு தடவை கழுவச் சொல்லுறாங்க அமெரிக்கத் தோல் மருத்துவர் சங்கத்துல.)

ரிசப்ஷன் அன்னிக்குக் கண்ணு ரெண்டுக்கும் முக்கால் மணி நேரம். கை நடுங்கிட்டே இருந்தது. முடிச்சதும் கண்ணாடியைக் கொடுத்தேன். திருப்பித் திருப்பிப் பார்த்தா, ஒண்ணும் பேசலை. எனக்கு வயித்தைக் கலக்குது.

"முகத்துக்கு ரொம்பப் போடாதீங்க சித்தி, கண்ணு இப்படியே இருக்கட்டும்"னா.

மேடையில ஒரு பெரியம்மா என் காதுல, "பொண்ணுக்கு மேக்கப் எதுவும் போடலையா?"ன்னு கேட்டாங்க. எனக்குச் சிரிப்பு தாங்கலை.

நூல் சுத்தின பிரஷை அவளே பெட்டியில எடுத்து வெச்சுக்கிட்டுப் போயிட்டா.