நிறுத்தத் தெரிந்த கை

சண்டைக் காட்சி கம்போஸ் செய்ய உட்கார்ந்தால் இயக்குநரிடம் நான் முதலில் கேட்பது இதுதான்: "சண்டை முடிஞ்சதும் இவங்க ரெண்டு பேருக்கும் நடுவுல என்ன மாறியிருக்கணும்?" பெரும்பாலும் வரும் பதில், "ஹீரோ ஜெயிக்கணும் மாஸ்டர்." ஜெயிக்க வைப்பது பெரிய வேலையில்லை. எத்தனை ஃபைட்டர்கள், எங்கே ரோப், எந்த அடிக்கு யார் பறக்க வேண்டும் என்பதெல்லாம் பேசி முடிவாகிவிடும். என் கேள்விக்கு விடை வைத்திருக்கும் படங்களைத்தான் நான் திரும்பத் திரும்பப் பார்க்கிறேன்.

அவற்றில் பல லாவ் கார்-லியுங் எடுத்தவை. ஹாங்காங்கின் ஷா பிரதர்ஸில் இயக்குநர் சாங் சேயின் படங்களுக்குச் சண்டை அமைத்து, 1975-ல் இயக்குநரானவர். எங்கள் தொழிலிலிருந்து போனவர் என்பதால் எனக்குக் கூடுதல் உரிமை. ஹுங் கர் குங்ஃபூ அவருக்குத் தந்தை வழி வந்த சொத்து. தந்தையின் குரு லாம் சாய்-விங். அவருக்குக் குரு வோங் ஃபெய்-ஹுங். சாங் சேயின் நாயகர்கள் பலர் வெட்டுப்பட்டு, ரத்தம் வழிய நின்றபடி சாவார்கள். லாவின் 'ஹீரோஸ் ஆஃப் தி ஈஸ்ட்' (1978) படத்திலோ ஓர் உயிர்கூடப் போவதில்லை. சீனக் கணவனுக்கும் ஜப்பானிய மனைவிக்கும் யார் கலை உசத்தி என்று வீட்டில் மூளும் சண்டை, ஜப்பானிய ஆசான்களோடு வரிசையாக மோதுவதில் போய் முடிகிறது. கராத்தேக்காரரை எதிர்கொள்ளக் குடிகாரக் குத்துமுறை வேண்டும். அதில் தேர்ந்த ஒருவரை ஆள் வைத்து வம்புக்கு இழுத்து, மறைந்திருந்து பார்த்தே கற்றுக்கொள்கிறான் நாயகன். அந்தக் குடிகாரராக நடித்தவர் லாவேதான். எதிராளியின் கலையைப் புரிந்துகொள்ளாமல் அவனை ஜெயிக்க முடியாது என்பதைப் படம் வசனத்தில் சொல்வதில்லை, சண்டையிலேயே சொல்லிவிடுகிறது.

லாவின் 'மார்ஷியல் கிளப்' (1981) படத்தின் கடைசிச் சண்டை ஒரு சந்தில் நடக்கிறது. கோர்டன் லியுவும் வாங் லுங்-வெய்யும். போகப் போகச் சந்து குறுகுகிறது. வீசி உதைக்க இடம் போகிறது, பிறகு கையை மடக்கி ஓங்கவும் இடம் போகிறது. இடம் குறையக் குறைய முறையும் மாறுகிறது. வட சீனத்தவரான வாங்கின் பாத்திரம் கெட்டவர் அல்ல. கடைசியில் எதிராளியின் திறமையை மதித்து விலகுகிறார்.

இங்கே தொழில் சங்கதி ஒன்று. சினிமாவில் விழும் அடி உண்மையில் விழுவதில்லை. முகத்துக்கும் கைக்கும் ஒரு சாண் இடைவெளி இருக்கும். கேமராவைத் தோளுக்குப் பின்னால் வைத்து அதை மறைப்போம். வாங்குகிறவனின் ரியாக்ஷனும் டப்பிங் சத்தமும் மீதியைப் பார்த்துக்கொள்ளும். ஆனால் அந்தச் சந்துச் சண்டையில் வருவது போல, எதிராளி மேல் படாமல் வேண்டுமென்றே நிறுத்திய அடியை அப்படிச் செய்ய முடியாது. முழு வேகத்தில் வந்த கை தொண்டைக்கு முன் நின்றது தெரிய வேண்டுமானால் கேமரா பக்கவாட்டில் நிற்க வேண்டும், இருவர் உடலும் ஒரே ஷாட்டில் இருக்க வேண்டும், நடுவில் கட் கூடாது. மறைக்க வேண்டிய இடைவெளியையே காட்ட வேண்டியிருக்கிறது. வருடக்கணக்கில் பயின்ற உடம்புக்குத்தான் அது வரும். லாவின் 'தி 36த் சேம்பர் ஆஃப் ஷாவோலின்' (1978) படத்தின் நடுப்பகுதி முழுக்கப் பயிற்சியாகவே நீள்வதற்கு எனக்குப் படும் காரணம் இதுதான். கை தாழ்ந்தால் விலாவில் குத்தும்படி புஜத்தில் கத்திகளைக் கட்டிக்கொண்டு தண்ணீர் சுமக்கிறவனை அவ்வளவு நேரம் பார்த்த பிறகு, அவன் கை எதற்கு ஓங்குகிறது, எங்கே நிற்கிறது என்று நாமும் கவனிக்கத் தொடங்கிவிடுகிறோம்.

என்னிடம் புதிதாகச் சேரும் பையன்களுக்கு அந்தச் சந்துச் சண்டையைச் சத்தத்தை அணைத்துவிட்டுப் போட்டுக் காட்டுவேன். எந்த அடி எங்கே நிற்கிறது என்று ஒவ்வொருவனும் சொல்ல வேண்டும். சொல்லத் தெரிந்தவனைத்தான் நாயகனுக்கு எதிரில் நிறுத்துகிறேன்.